கூரையில் காயும் புல்

1

கதை எழுதவென்று நான் உட்காரவில்லை. எங்கள் மாதர் சங்கம் முயல் வளர்க்கும் பெண்களுக்காக ஒரு கைநூல் போடுகிறது. "குட்டி முயலுக்குப் புல்லுத் தெரிஞ்செடுக்கிறது எப்பிடியெண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க, றோசம்மாக்கா" என்று கேட்டார்கள். நான் எழுதியது இவ்வளவுதான்:

குட்டிக்கு ஈரப் புல் கூடாது, வயிறு ஊதிவிடும். வைக்கோலில் சத்தில்லை. நல்ல காய்ந்த புல் பச்சை மாறாமல் இருக்கும். அதை வெயிலில் பரப்பும்போது யாரும்

அந்த 'யாரும்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. யாரும் பார்க்காத இடத்தில் பரப்புங்கள் என்று எழுத வந்திருக்கிறேன். முயல் வளர்க்கிறவர்களுக்கு அந்தப் புத்திமதி எதற்கு?

2

மறுபடி தொடங்குகிறேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாரி. தன்னாமுனை. கல்குடாவில் என் கணவர் மேர்வினையும் இளைய மகனையும் கடல் கொண்டுபோய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. மிஞ்சியவள் சர்மிலா, பதினைந்து வயது. அந்த நாட்களில் பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். (யார் என்று எழுதிப் பார்த்தேன். வெட்டிவிட்டேன். ஒரு பக்கத்தார் மட்டும் என்றால் பொய். எல்லாரையும் எழுத இன்னும் பயம்.)

மகள் கொழும்பில் கன்னியர் மடத்தில் தங்கிப் படிக்கிறாள் என்று ஊருக்குச் சொன்னேன். ஓகஸ்டிலிருந்து அவள் இருந்தது என் வீட்டு உள்ளறையில். சன்னல் திறப்பதில்லை. இருமல் வந்தால் தலையணையைக் கடிப்பாள். மூன்றாம் மாதம் பேச்சையும் நிறுத்திவிட்டாள். அதனால்தான் முயல்.

[இங்கே முயலை வருணிக்க வேண்டும். சாம்பல் நிறம். ஒரு காது நிமிராது. போதும்.]

3

ஏறாவூரில் முயல் விற்கும் றம்லாவிடம் குட்டி ஒன்று வாங்கினேன்.

"ஆருக்குகா?"

"எனக்குத்தான்."

"ஒங்களுக்கா? அல்லாஹ்! சரி, கேளுங்க. பச்சப் புல்லக் கண்டவொடன அள்ளிப் போட்டுராதீங்க. காஞ்ச புல்லு. மூக்குல வெச்சுப் பாருங்க. பூசண மணமெண்டா வீசிருங்க. இல்லாட்டி அண்டைக்கே குட்டி மௌத்து."

சர்மிலா குட்டியை மடியில் வைத்தாள். வெகு நேரம் கழித்து, "இதுக்குப் பசிக்குது போல, அம்மா" என்றாள். பல வாரத்துக்குப் பிறகு நான் கேட்ட குரல். அதற்காக எதையும் செய்திருப்பேன்.

வாவிக் கரையில் புல் அறுத்து வந்தேன். மாரியில் புல் எங்கே காய? நிலமெல்லாம் ஈரம். அறைக்குள் விரித்தால் பூசணம். மழை விடும் ஒன்றிரண்டு மணி நேரம் தகரக் கூரை மட்டும் சுடும். கூரையில் பரப்பினேன்.

இதுதான் நான் செய்த பிழை. வீட்டில் இரண்டு வயிறு இருப்பது தெரியக்கூடாதென்று அரிசியைக்கூட இரண்டு கடைகளில் பிரித்து வாங்கினவள் நான். ஆடும் இல்லாமல் மாடும் இல்லாமல் தனியே இருக்கிற ஒரு விதவையின் கூரையில் நாள்தோறும் புல் காய்ந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று யோசிக்கவில்லை. (குறிப்பு: கைநூலில் இதைச் சேர்க்க வேண்டாம்.)

4

பக்கத்து வளவு இராசதுரை மாடு வைத்திருப்பவர். வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"என்னகா றோசம்மாக்கா, மாடு கூரையில ஏறித்தான் மேயுதோ?"

"முயல் ஒண்டு வாங்கினன், தம்பி."

"நீங்களா? கோழி வந்தாலே கல்லெடுக்கிற ஆள்!" சிரித்தார்.

"பொழுது போகோணுமே."

"ஓம், ஓம். மறுகா, மகள் கடிதம் போட்டாவா?"

"போட்டா."

நானும் சிரித்தேன்.

இராசதுரையை எப்படி எழுதுவது என்பதில்தான் இந்தக் கதை முடங்கிக் கிடக்கிறது. முதற்படியில், நாங்கள் கல்குடாவிலிருந்து வெறுங்கையோடு வந்தபோது அந்தக் கூரைக்குத் தகரம் ஏற்றித் தந்தவராக எழுதினேன். இரண்டாம் படியில், அவர் முற்றத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகும் முன்பின் தெரியாத ஆட்களை எழுதினேன். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் அவருடைய முகம் எனக்குக் கலைந்துபோகிறது.

5

அன்றோடு கூரையில் புல் போடுவதை விட்டேன். பிறகு நான்கு நாள் அடைமழை. இருந்த புல்லில் பூசணம் பிடித்தது. பழைய வைக்கோலைப் போட்டேன். குட்டி மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த நாள் அது புழுக்கையே போடவில்லை. சர்மிலா அதை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தாள்.

"நான் போய் அறுத்துட்டு வாறன்."

"சத்தம் போடாத, புள்ள!"

"இது சாகுது, அம்மா! நீங்க போகாட்டி நான் போறன்!"

நான் அவள் வாயைப் பொத்தினேன். என் மகளின் வாயை, என் கையால். அவளுடைய பல் என் உள்ளங்கையில்

இல்லை, அதை முடிக்கமாட்டேன்.

அப்போது வேலிப் படலை தட்டும் சத்தம் கேட்டது.

இராசதுரை நின்றார். கையில் ஒரு கட்டுப் புல். மாட்டுக் கொட்டில் பரணில் வைத்திருந்ததாம். மோந்து பார்த்தேன். அந்த மாரியில் அவ்வளவு நல்ல புல்லை நான் கண்டதில்லை.

"இந்தாங்க" என்றார். "மகள்ட்டக் குடுங்க."

6

எழுதி வைத்திருக்கும் முடிவுகள்:

(அ) "நன்றி, தம்பி" என்று வாங்கிக்கொள்கிறேன். குட்டி தின்கிறது. அவர் சாகும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

(ஆ) வாங்கிக்கொள்கிறேன். குட்டி தின்கிறது. மறுநாள் மோட்டார் சைக்கிள்கள் என் படலையில் வந்து

(இ) "எந்த மகள்? அவ கொழும்பிலயெல்லோ" என்று கட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன். குட்டி சாகிறது. அதன்பிறகு உள்ளறையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

அவர் முகத்தைப் பார்த்திருந்தால் எது சரியென்று தெரிந்திருக்கும். நான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று நான் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். சர்மிலா இப்போது எங்கே என்பதையும் எழுதமாட்டேன். அதைத் தெரிந்துகொண்டால் நான் செய்தது சரி, பிழை என்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிடுவீர்கள். எனக்கு அந்த வசதி இருக்கவில்லை.

ஆகவே அவரை உங்கள் படலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். மழை தூறுகிறது. புல் உங்கள் கையில். உள்ளே பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அவர் போகவில்லை. உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லுங்கள்.