இழுபடாமல்

"கெதியாச் சுத்து பிள்ளை. அண்ணை இழுபடுறான்."

நோயில் கட்டிலோடு கிடந்த அப்பா சிமியோன் கண்ணைத் திறக்காமலே சொன்னார். ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த சைக்கிளின் பெடலைத் தேவமலர் கையால் இன்னும் வேகமாகச் சுற்றினாள். சண்டையால் கரண்ட் நின்று இரண்டு வருடம். பற்றரியைக் கண்ணாலும் காண முடியாது. டைனமோவிலிருந்து போன வயர்தான் கசெற் றெக்கோடருக்கு உயிர். அதற்குள் கிருபையண்ணை சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்தான். பாரிசில் ஜாஸ் குழுவொன்றில் அவன் பெயரைத்தான் முதலில் போடுகிறார்களாம். கசெற் கொண்டுவந்தவர் சொன்னதை அப்பா மானிப்பாய் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அது அப்பாவின் சாக்ஸபோன். செத்தவீடுகளில் பாண்ட் வாத்தியக் குழுவோடு நடந்து நடந்து ஊதியது. பத்து வயதில் அதே பாட்டுகளை அவளும் பிழையில்லாமல் ஊதிக்காட்டினாள். "பெட்டைக்கு என்னத்துக்கு உது" என்று பறித்து அண்ணையிடம் கொடுத்தார். அவள் படித்தாள். அந்த வீட்டின் முதற் பட்டம் அவளுடையது. பட்டமளிப்பன்று அப்பா வரவில்லை. அண்ணையைப் பிளேன் ஏற்றிவிடக் கொழும்புக்குப் போயிருந்தார்.

"மூச்செடுக்கிற இடம் பாத்தியே? நான் காட்டிக் குடுத்தது."

"எனக்குக் கை நோகுதப்பா."

"இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு."

கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் விரல் நின்றிருந்ததைப் பாட்டு முடிந்த பிறகுதான் கண்டாள்.

பின்னேரம் முற்றம் நிறைந்தது. பாண்ட் கிடைக்கவில்லை. அப்பாவின் தங்கை வினிபிரட் மாமி சைக்கிளைச் சவப்பெட்டியருகே உருட்டி வந்தாள்.

"மகன் வர ஏலாது. அவன்ரை சத்தத்தையாவது கேட்டுக்கொண்டு போகட்டும். சுத்து பிள்ளை."

சுற்றினாள். வந்தவர்கள் அண்ணைக்குத் தலையாட்டினார்கள். அவளைச் சுற்றிக் கடந்துபோய் நின்றார்கள். அவள் வேண்டுமென்றே கையைத் தளர்த்தினாள். சாக்ஸபோன் தாழ்ந்து, குழைந்து, நொண்டியது. இன்னும் தளர்த்தினாள். கேட்கட்டும், அவனுடைய வண்டவாளத்தை.

மாமி சேலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"அங்கை இருந்தும் தேப்பனுக்கு எப்பிடி உருகி ஊதுறான் பார்."

பின்னால் யாரோ விம்மினார்கள்.

தேவமலர் பெட்டிக்குள் பார்த்தாள். பிழையென்று சொல்லக்கூடிய ஒரே ஆள் வாய் மூட நாடியைக் கட்டிய துணியோடு கிடந்தார்.

மாமி குனிந்து, களைத்துப்போனாய், நான் சுற்றட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்."

வலது கையை எடுத்து இடது கையை வைத்தாள். சக்கரம் வேகம் பிடித்தது. அண்ணை இழுபடாமல் ஊதினான்.