மாமனுக்கு ஒரு வட்டம்

என் மேசையில் இருந்த சிடியில் நூற்றுக்கணக்கான ஆயத்த டிசைன்கள் இருந்தன. காதணி விழாவுக்கு மயில், கல்யாணத்துக்கு யானை, கண்ணீர் அஞ்சலிக்கு மெழுகுவத்தி. பெயரையும் தேதியையும் மாற்றி, போட்டோவை வட்டத்துக்குள் இறக்கினால் பேனர் முடிந்தது. ஆனால் அவ்வளவு சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் என்னை டிசைனர் என்று யார் நம்புவார்கள்? அதனால் மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தால் மோவாயில் கைவைத்து ஃபேனைப் பார்ப்பேன். மவுஸைச் சும்மா இழுப்பேன். கண்ணை மூடி யோசித்ததும் உண்டு. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பாதியில் இத்தனை கலை நடந்தது.

நாளடைவில் நானே அதை நம்பத் தொடங்கியதுதான் வேடிக்கை. மயில் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், முட்டையிலிருந்து அதை அடைகாத்துப் பொரித்தவள் போல வெட்கப்பட்டேன்.

எறையூரிலிருந்து தனத்தக்கா வந்தது அப்போதுதான். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காது குத்து. ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டும்.

"எனக்கு அண்ணன் ஒண்ணு, தம்பி ஒண்ணு" என்றார். "யாரு கரும்ப மொதல்ல வெட்டுறதுங்கிறதுல ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. கால்ல விழாத கொறையா ரெண்டு பேரையும் சம்மதிக்க வச்சிருக்கேன். ஒரு காது அண்ணன் மடியில, இன்னொரு காது தம்பி மடியில. நீ படிச்ச புள்ள, பாத்துப் போடு பாப்பா."

படிச்ச புள்ள பார்த்தேன். மயில் டிசைனில் தாய்மாமனுக்கு ஒரே ஒரு பெரிய வட்டம்தான் இருந்தது. மூத்தவர் அய்யம்பெருமாள் அதில் போய் உட்கார்ந்தார். இளையவர் மாயவன் மிஞ்சினார். அடியில் 'செல்லக்குட்டிகள்' என்ற தலைப்பில், சிறுபிள்ளைகளுக்காக இதய வடிவச் சட்டங்கள் வரிசையாக இருந்தன. அக்கா கொடுத்த பிள்ளைகள் போட்டோவெல்லாம் போக ஒரு சட்டம் காலி. அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. காலியாக எது இருந்தாலும் எனக்குப் பொறுக்காது. மாயவனை வைத்து நிரப்பினேன். அழகாகப் பொருந்தியது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

திருச்சியில் அச்சாகி வந்த பேனரை எறையூர் பஸ் நிறுத்தத்தில் கட்டினார்கள். மறுநாள் காலை தனத்தக்கா கடைக்குள் வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஊரே அவன செல்லக்குட்டின்னு கூப்புடுது பாப்பா. மீசைய முறுக்கிக்கிட்டு நிக்கிற போட்டோ, சுத்தி சிவப்பு ஆர்ட்டீன். டீக்கடையில ஒருத்தன் பால் பாட்டில் வேணுமான்னு கேட்டுட்டானாம். விசேஷத்துக்கு வரமாட்டேன்னுட்டான். ஒத்தக் காதோடயா எம்புள்ளய நிறுத்துறது?"

"டிசைன் அப்படிங்கக்கா" என்று வந்துவிட்டது என் வாயிலிருந்து. ஏதோ மயில் சொல்லி நான் செய்தது போல. வேறு பேனர் போட்டுத் தருகிறேன், சாயங்கால பஸ்ஸில் திருச்சிக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

மத்தியானம் மாயவனே வந்துவிட்டார். போட்டோவில் இருந்ததைவிட மீசை பெரிது.

"யாரு இங்க டிசைனரு?"

கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். மறுக்க வழியில்லை.

"எம் போட்டோவ குடும்மா. இனிமே எதுலயும் போடாத."

"உட்காருங்கண்ணே, உங்க முன்னாடியே புதுசா போட்டுத் தரேன்" என்று மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். சிடியைத் தொடவில்லை. புதுப் பக்கம் திறந்தேன். வெள்ளையாக வந்து நின்றது. அதை நிரப்ப என்னிடம் எதுவுமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் ஃபேனைப் பார்த்து யோசித்ததில் ஒரு கோடுகூட மிச்சமில்லை.

"என்னம்மா, கரண்டு போயிடிச்சா?"

"இல்லண்ணே."

நடுவில் குழந்தையை வைத்தேன். இந்தப் பக்கம் ஒரு மாமன், அந்தப் பக்கம் ஒரு மாமன். ஸ்கேலால் அளந்தது போல ஒரே அளவு. நியாயத்தையே நிலைநாட்டிவிட்ட திருப்தியோடு அவரைப் பார்த்தேன். அவர் முகம் சுளித்தார்.

"அவருக்குச் சமமா என்னைய ஏன் வைக்கிற? மூத்தவரு. கொஞ்சம் பெருசாக்கு அவர."

பெரிதாக்கினேன்.

"ரொம்ப வேணாம். அப்பறம் அதுக்கும் ஒரு ஆட்டம் ஆடுவாரு. ம், அது போதும். என்னைய புள்ளைக்குப் பக்கத்துல ஒட்டி வையி. எந்தோள்லயே கெடந்து வளந்தது. அவ்வளவுதான் நான் கேக்குறது."

ஒட்டி வைத்தேன். பின்னணிக்கு மஞ்சள் பூசினேன். கொஞ்சம் சாம்பார் நிறமாகிவிட்டது. அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இப்பத்தான் மொதமொதலா போடுறியா?"

பொய் தயாராக இருந்தது. இத்தனை பேர் வந்து போன கடையில் இவரிடம் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

"ஆமாங்கண்ணே."

"தெரியுது." எழுந்தார். வாசலில் நின்று, முகத்தைத் திருப்பாமலே, "அக்காவுக்கு ஒரு போன் போட்டு, வரேன்னு சொல்லிடு. நானா சொன்னா நல்லாருக்காது" என்றார்.

உடனே போன் செய்தேன்.

"வரானா?" என்றார் தனத்தக்கா.

"வராருங்கக்கா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பேனர்ல பூ ஏதாச்சும் வச்சியா பாப்பா?"

"இல்லங்கக்கா. வெறும் மஞ்சள்தான்."

"ஒண்ணுமே இல்லாமயா?" என்றார். "சரி வுடு. பேனர மறைக்கிற மாதிரி பந்தல கட்டிக்கலாம்."