மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

கலியாணப் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குத் தனியாகப் போவதாவது! திண்டுக்கல்லில் அப்படியொரு கூத்தை யாரும் பார்த்ததில்லை. அல்போன்சா போனாள். 1957 ஜனவரி பத்தொன்பது, சனிக்கிழமை, வெயில் தாழ, குடையை இடுக்கிக்கொண்டு நேராகப் போனாள்.

ஜனவரி முப்பதில் அவளுக்கும் ராயப்பராஜுக்கும் கலியாணம். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கலியாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சொன்னபோது ஒருத்தர்கூட இருமவில்லை. மறுநாள் மூன்றாம் ஓலை. அதில் எழுந்து தடை சொல்லுவேன் என்று வரிந்துகட்டி நின்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா பாஸ்கல். தகப்பனில்லாத பிள்ளையை வளர்த்தவர்; அவர் பேச்சைத் தாண்ட ராயப்பராஜுக்குத் தெம்பு கிடையாது. அவனுக்கோ பம்பாய்ப் பக்கம் ரயில்வே வேலை. பிப்ரவரி மூன்றில் ரயிலேற வேண்டும். விட்டால் அடுத்த லீவு எப்போதோ, யார் கண்டது?

பாஸ்கல் தபாலாபீசில் முப்பது வருஷம் தேதி முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்றும் தேதிப் பைத்தியம் தெளியவில்லை. நாளுக்கு ஒரு பக்கம் என்று தடியாக ஒரு நோட்டு. அந்தத் தேதியில் உலகத்தில் நடந்ததெல்லாம் அதில் ஏறிவிடும்.

"வாத்தா, உக்காரு" என்று பாய் விரித்துவிட்டுக் காப்பி போடப் போனாள் அவர் மனைவி லூர்தம்மாள்.

பாஸ்கல் நோட்டைத் திறந்தார். "ஜனவரி முப்பது. காந்தியைச் சுட்ட நாளு. அன்னைக்குக் கொட்டடிச்சுக் கறி ஆக்கிப் போடவா?"

"அன்னைக்கு முழுக்கச் சாப்பிடாம அழுதவ மாமா நான். கொட்டும் வேணாம், கறியும் வேணாம்னு எங்கய்யாகிட்டச் சொல்லிப்புட்டேன். அப்பவும் ஒப்பலைன்னா, சாவு விழாத ஒரு நாளை நீங்களே காட்டுங்க."

இதென்ன பிரமாதம் என்று அவர் புரட்டினார். பிப்ரவரி ஆறு, இங்கிலாந்து ராஜா செத்தது. ஏப்ரல் பதினைந்து, டைட்டானிக் முழுகியது. ஆகஸ்ட் ஆறு, ஹிரோஷிமா. புரட்டப் புரட்ட எழவுதான். அவர் நெற்றி வேர்த்தது.

அல்போன்சா சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு கலியாணப் படம் தொங்கியது. அதன் அடியில் எழுதியிருந்த தேதியை அவள் வந்தவுடனே பார்த்து வைத்திருந்தாள்.

"ஜூன் இருபத்தெட்டு எப்படி மாமா?"

"அதுவா!" பாஸ்கலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பதினாலுல ஆஸ்திரியா இளவரசனைச் சுட்டாங்க. அதுலதான் மொத உலகப் போரே கிளம்புச்சு. சரியா அஞ்சு வருசங்கழிச்சு, அதே தேதியில, ஜெர்மனிக்காரன் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை."

டம்ளர் ணங்கென்று தரையில் இறங்கியது.

"ஒண்ணுமில்லையா?" என்றாள் லூர்தம்மாள். "முப்பத்துநாலு வருசமா சோறும் வெஞ்சனமும் ஆக்கிக் கொட்டுறேனே, அது ஒண்ணுமில்லையா?"

பாஸ்கல் மெள்ளத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். 28-6-1922. அவருடைய கையெழுத்தேதான்.

"இல்ல லூர்து... இது உலக விசயம் எழுதுற நோட்டு..."

"நான் வாக்கப்பட்டு வந்த உலகம் இதுதானே!" அவள் குரல் உடைந்தது.

அந்த மனுஷருக்கு முகம் செத்துப்போயிற்று. பேனாவை எடுத்தார். பக்கம் நிரம்பிக் கிடந்தது. ஓரத்தில் பொடியாக எழுதக் குனிந்தார்.

"ஓரத்துல எதுக்கு? நடுவுல எழுதுங்க."

நடுவில் ஆஸ்திரியா இளவரசன் இருந்தான். பாஸ்கல் அவனை ஒரே கோடாக அடித்தார். லூர்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அல்போன்சாவுக்குச் சிரிப்பும் வந்தது, அவர்கள் இருவர் மேலும் ஆசையும் வந்தது. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தாள். நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கவேயில்லை.

மறுநாள் சாமியார் மூன்றாம் ஓலை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். ஆண்கள் பக்கத்தில் பாஸ்கல் எழுந்து நின்றார். கோயிலே திரும்பியது. ராயப்பராஜ் வெளிறிப்போனான். பெண்கள் பக்கத்திலிருந்து லூர்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

பாஸ்கல் தொண்டையைச் செருமினார்.

"தடை ஒண்ணுமில்லை சாமி. நோட்டுல முப்பதாம் தேதிப் பக்கத்துல நெறைய எடமிருக்கு."