பொடியும் கரண்டும்

காப்பியில் பொடியைக் கலக்கிவிட்டு முதலில் அவளே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கசப்பு நாக்கில் நின்றது. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். புருஷனுக்குத் தெரியாமல் மருந்து கொடுக்கிற பெண்டாட்டியைப் பற்றி ஊர் ஆயிரம் பேசும். பேசுகிறவர்கள் ஒரு நாள் வந்து அந்த மனுஷனைக் கட்டிலிலிருந்து எழுப்பி, குளிப்பாட்டி, சட்டை மாட்டி விடட்டும். அப்புறம் பேசட்டும்.

அவளுடைய வீட்டுக்காரர் பழ மண்டியில் ஏலம் விட்டவர். ஏலக்காரர் என்றால்தான் தெரியும். சொந்தப் பேரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரனே முழிப்பான். கூடைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று அவர் விலை கூவினால், வாசலுக்கு வெளியே லாரிக்குள் தூங்குகிற டிரைவர் எழுந்து உட்காருவான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? வீட்டிலும் அதே குரல்தான். சோப்பு தீர்ந்துவிட்டது என்பதைக்கூட மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். "கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன், காது வலிக்குது" என்று அவள் கெஞ்சாத நாள் கிடையாது.

பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. அதன் பின்னாலேயே உடம்பு விறைத்தது. நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரை சில வருஷம் தாங்கியது. அப்புறம் ஆபரேஷன் செய்தார்கள். மூளைக்குள் இரண்டு மெல்லிய கம்பி, தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டி. பெட்டியிலிருந்து கரண்ட் மூளைக்குப் போகும். ஆஸ்பத்திரியில் அதற்கென்றே இருக்கும் பெண் ஒரு கருவியை வைத்துக்கொண்டு அதை ஏற்றுவாள், இறக்குவாள். அப்படி முதல்முதலாக ஏற்றிய அன்றைக்குக் கை நின்றது. சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். மறுநாள் அவள் வேலை செய்யும் சலவைக் கடையில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தாள்.

ஆனால் பேச்சு கெட்டுப் போயிற்று. வாய் நிறையத் துணியை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. "கரண்ட் ஏறினா சில பேருக்கு அப்படி ஆகும்மா. நடையும் வேணும்ல?" என்றாள் கருவிக்காரப் பெண். நடைதான் வேண்டும், யார் இல்லை என்றார்கள்? ஆனால் சாயங்காலம் வரைக்கும் நின்று இஸ்திரி போட்டுவிட்டு, ஆவியில் வெந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தால், அவர் ஏதோ சொல்வார். இவளுக்குப் புரியாது.

"தண்ணியா? இல்லையா? ஃபேன் போடணுமா? ஜன்னலைச் சாத்தணுமா? என்னதான் வேணும் சாமி உங்களுக்கு?"

கடைசியில் பார்த்தால், "வந்துட்டியா" என்று கேட்டிருப்பார். இப்படியே நாலு தடவை ஆனதும் அவர் பேசுவதையே விட்டுவிட்டார். மூன்று வீட்டுக்குக் கேட்ட வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் தம்பி மூலிகைக் கடை வைத்திருந்தான். ஏலக்காரர் அவனை "வேர் விக்கிற மாப்ளே" என்றுதான் கூப்பிடுவார். அவன் கடைச் சரக்கை நாக்கில் வைக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியவர். ஒரு நாள் தம்பி கடைக்குப் போய் உட்கார்ந்து அவள் அழுதாள். அவன் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

"அக்கா, இது பூனைக்காலி விதைப் பொடி. கை நடுக்கத்துக்குன்னே பொறந்த சரக்கு. மாமாவுக்குக் காப்பில போட்டுக் குடு. பேச்சு வருதா இல்லையான்னு பாரு."

"டாக்டர் கத்துவாருடா."

"அவர்கிட்ட போய் யாரு சொல்லச் சொன்னா?"

யாரும் சொல்லச் சொல்லவில்லை. முன்பு ஒரு தடவை யாரோ கொடுத்த எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு போனபோது, டாக்டர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓரமாக நகர்த்தி வைத்தார். அந்த அவமானம் அவளுக்கு ஆறவே இல்லை.

பொடி உள்ளே போன கொஞ்ச நாளில் ஏலக்காரர் உடம்பு நெளிய ஆரம்பித்தது. தோள் ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும், உட்கார்ந்த இடத்திலேயே ஆட்டம். ஆஸ்பத்திரியில் கருவிக்காரப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். "புதுசா வேற ஏதாவது மருந்து குடுக்கறீங்களாம்மா?"

"இல்லையே" என்றாள் இவள். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

"அப்ப கரண்ட்தான் ஜாஸ்தி ஆயிடுச்சு போல" என்று அந்தப் பெண் இறக்கினாள். நெளிவு அடங்கியது. வீட்டுக்கு வருகிற வழியில் ஏலக்காரர் டாக்சிக்காரனிடம், "தம்பி, லெஃப்ட்ல போப்பா" என்றார். அவன் லெஃப்டில் போனான்! அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொடி வேலை செய்கிறது என்று நினைத்தாள்.

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் காக்காவைக் கண்ணால் பார்த்தவளிடம் அதைச் சொல்லி நம்பவைக்க முடியுமா? பொடியைக் கூட்டினாள். உடம்பு மறுபடி நெளிந்தது. அந்தப் பெண் மறுபடி கேட்டாள், இவள் மறுபடி "இல்லையே" என்றாள், கரண்ட் மறுபடி இறங்கியது. பேச்சு இன்னும் தெளிந்தது. ஏலக்காரர் பால்காரனோடு சண்டை போட்டார். மாடியில் குடியிருப்பவரைப் படியிலேயே நிறுத்திவைத்து மண்டிக் கதை சொன்னார். ராத்திரி சாப்பிடும்போது, "என்ன இது, உப்பு மண்டியையே கொட்டிட்டியா?" என்றார். அவள் முறைத்தாள். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. சண்டை போட வீட்டில் ஆள் திரும்பி வந்துவிட்டாரே!

அந்தச் சமயத்தில்தான் தம்பி சரக்கு எடுக்க வெளியூர் போனான். பொடி தீர்ந்தது. கடை பூட்டிக் கிடந்தது. பேச்சுத்தான் வந்தாயிற்றே, நாலு நாள் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று அவள் விட்டுவிட்டாள்.

குடி முழுகவில்லை. குளியலறை வாசலில் மனுஷன் நின்றுவிட்டார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. ஆணி அடித்த மாதிரி கால் பெயரவில்லை. அவள் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். அவர் கனம் முழுக்க அவள் இடுப்பில் இறங்கியது. இடுப்பில் ஏதோ பிசகியது. இரண்டு பேரும் அப்படியே சரிந்து ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அடி பட்டுச்சா உனக்கு?" என்று கேட்டார். குரலில் பழைய பலம் இல்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வேலைக்கு நேரமாகிறது, சம்பளத்தைப் பிடிப்பார்கள் என்று ஒரு நினைப்பு. இப்படியே உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று இன்னொரு நினைப்பு. மாடி வீட்டுக்காரர் வந்துதான் இரண்டு பேரையும் தூக்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கருவிக்காரப் பெண் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "போன தடவை இதே அளவுலதானே நல்லா நடந்தாரு? எனக்கு ஒண்ணுமே புரியலையேம்மா."

"நான் பொடி போட்டேன்" என்றாள் அவள்.

ஏலக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்த விதையிலயும் ஐயா சாப்பிடற மாத்திரைல இருக்கற சரக்கேதான் இருக்கு. ரெண்டும் சேர்ந்து ஜாஸ்தியாகித்தான் உடம்பு நெளிஞ்சுது. நீங்க பொடியை ஏத்தினீங்க, நான் கரண்ட்டை இறக்கினேன். பேச்சு தெளிஞ்சது நான் இறக்கினதால, நடந்தது பொடியால. இப்ப பொடியும் இல்லை, கரண்டும் இல்லை. அப்புறம் எப்படி நடப்பாரு?"

"திரும்பவும் பொடியே குடுத்துட்டா?"

"ஒரு விதை மாதிரி இன்னொண்ணு இருக்காதும்மா. எவ்வளவு உள்ள போகுதுன்னு யாருக்குத் தெரியும்?"

டாக்டர் வந்தார். அவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். மாத்திரையைக் கூட்டினால் நெளிவு திரும்ப வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்றார். நோய் கொஞ்சம் முற்றியிருக்கிறது, நடுவாந்திரமாக ஒரு அளவு இனிமேல் கிடைப்பது கஷ்டம். கரண்ட்டை ஏற்றினால் நடை வரும், பேச்சு குழையும், முன்னைவிடக் கூடக் குழையலாம். இறக்கியே வைத்தால் பேச்சு இருக்கும், ஆள் பிடித்துத்தான் நடக்க வேண்டும். "நீங்கதான் சொல்லணும்" என்று ஏலக்காரரிடம் சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

ஏலக்காரர் யோசிக்கவே இல்லை. "பேச்சு இருக்கட்டும்மா. கால் போனாப் போகுது. ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து, வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் பேசிக்கிட்டிருப்பேன்."

அந்தப் பெண் சிரித்தாள்.

"நாற்காலில உங்களை யாரு உக்கார வைக்கறது?" என்றாள் பெண்டாட்டி.

"நீதான்."

"எனக்கு முடியலைங்க." குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டாள். "காலைல உங்களைத் தூக்கறேன், பகல் பூரா நின்னுக்கிட்டே இஸ்திரி போடறேன், வந்து மறுபடி உங்களைத் தூக்கறேன். என் இடுப்பு போச்சு. நான் விழுந்தா என்னை யாரு தூக்குவா? உங்க குரலைக் கேக்கணும்னு திருட்டுத்தனமா பொடி போட்டவ நான்தான். இப்ப நானே சொல்றேன். அந்தக் குரல் வேணாங்க. நீங்க நடந்தாப் போதும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"இவ்வளவு முடியாம இருக்கறதை நீ ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"எங்க சொல்ல விட்டீங்க? நீங்கதான் பேசிக்கிட்டே இருந்தீங்களே."

அவர் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் முகம் மாறியது. மடியில் கிடந்த தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பி, "ஏத்தும்மா" என்றார்.

கருவியை எடுத்த பெண், "கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறேன் ஐயா. நீங்க ஏதாவது பேசிக்கிட்டே இருங்க, நான் கேட்டுக்கறேன்" என்றாள். ஏலக்காரர் பெண்டாட்டி பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கை அழுத்தமாக முழங்காலைப் பிடித்திருந்தது.

"உன் தம்பியைத் திட்டாத. பாவம், நல்லது நினைச்சுத்தான் குடுத்தான்."

கரண்ட் ஏறியது. முழங்காலைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

"நாளைக்கு வேலைக்குப் போகாத. இடுப்பைக் காட்டிட்டு வா. கூட நான் வர்றேன்."

"சரிங்க."

"சிலிண்டர் போடற கேஸ்காரன் வந்தா மிச்சக் காசை எண்ணி வாங்கு. அவன் ஏமாத்தறான்." 'ஏமாத்தறான்' கொஞ்சம் கொழகொழத்தது. அவர் குதிகாலைத் தரையிலிருந்து தூக்கித் தட்டினார். சுலபமாகத் தூக்க வந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை ஏத்தறேன்" என்று சொல்லி ஏற்றினாள் அந்தப் பெண்.

அவர் முன்னால் குனிந்து, அவள் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, நீளமாக ஒன்று சொன்னார். மண்டிக் கதையும் இல்லை, கேஸ்காரனும் இல்லை. அவர் கண்ணைப் பார்த்தால் அது தெரிந்தது.

"என்னங்க?"

மறுபடி சொன்னார். அவள் அவர் வாயையே பார்த்தாள், காதைக் கொண்டுபோய்க் கிட்டே வைத்தாள். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. "மன்னிச்சுக்கங்க, புரியலை. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

மூன்றாம் தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டார். விடு, ஒன்றுமில்லை என்பதுபோல் கையை ஆட்டினார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"கரண்ட்டை ஒரு நிமிஷம் இறக்குங்களேன்" என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் அவர் யார் உதவியும் இல்லாமல் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கதவு வரைக்கும் நடந்துவிட்டிருந்தார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பையை எடுத்தாள். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவளுக்காக நின்றார்.