வயிறு கலக்குது, இறங்குறேன்

அந்தக் கட்டட வேலைத்தளத்தில் அவளை எல்லோரும் மேல்வீட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டவர் கிரேன் ஓட்டுகிறவள். காலையில் ஏணியில் ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால், கீழே இருப்பவர்களுக்கு அவள் வாக்கி டாக்கியில் வரும் வெறும் குரல்தான். கம்பிக்கட்டோ, சிமென்ட் தொட்டியோ, ஜன்னல் சட்டமோ, எதுவானாலும் அவள் கை அசைந்தால்தான் இடம் மாறும். பதறாத கை. கொக்கியில் முட்டையை மாட்டிவிட்டாலும் ஓடு கீறாமல் இறக்குவாள் என்று கீழே நின்று சைகை காட்டும் சிக்னல்காரர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

கை அப்படி. வயிறுதான் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.

எப்போதோ காய்ச்சலோடு வந்த ஒரு பேதி, காய்ச்சல் போன பிறகும் போகாமல் வீட்டோடு தங்கிவிட்ட விருந்தாளி மாதிரி ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம் வயிறு கல்லாக இறுகும். அடுத்த வாரம் நின்ற இடத்தில் நிற்கவிடாது. நடுவில் காற்று நிரம்பி உப்பிக்கொண்டால் இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டே எதிரியாகிவிடும். தூக்கி நகர்த்தக்கூடிய நீலப் பிளாஸ்டிக் பெட்டிகளான கழிப்பறைகளோ தளத்தின் மறுகோடியில், அலுவலகக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தன. ஏணி முழுக்க இறங்கி, அஸ்திவாரக் குழிகளைச் சுற்றி, சேற்றில் நடந்து, திரும்பி வந்து, மறுபடி ஏற வேண்டும். அதுவரை மொத்த வேலையும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அதனால் அவள் காலையில் சாப்பிடுவதை விட்டாள். தண்ணீர் குடிப்பதையும் விட்டாள். அப்படியும் வயிறு கலக்கினால், "கேபிள்ல ஏதோ சத்தம் கேக்குது, பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்குவாள். வேறென்ன செய்வது? அந்த வாக்கி டாக்கிச் சேனலில்தான் தளத்தில் இருந்த அத்தனை பேரும் காதை வைத்திருந்தார்கள்.

வீட்டிலோ அவள் வயிறு பொதுச் சொத்தாகிவிட்டது. ஓமம் மென்றால் போதும் என்றாள் நாத்தனார். வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு என்றார் புருஷன் வேலை செய்த பேக்கரியின் முதலாளி. மாமியார் எல்லோருக்கும் ஒரு படி மேலே போனார். "உள்ள இருக்கற அழுக்கு போனாத்தான் வயிறு அடங்கும்" என்று வாராவாரம் ஒரு டம்ளர் விளக்கெண்ணெயோடு வந்து நின்றார். அவர் போட்டுக் கொடுத்த சோம்புத் தண்ணீர் என்னவோ இதமாகத்தான் இருந்தது. பூண்டு நெஞ்சைப் பொசுக்கியது. எண்ணெய் அவளைப் பிழிந்து காயப்போட்டது.

அப்படி எண்ணெய் குடித்த மறுநாள், பாதி ஏணியில் அவளுக்குக் கண் இருட்டியது. பாதுகாப்புக் கொக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டு, நெற்றியை இரும்பில் சாய்த்து அப்படியே நின்றாள். வயிற்று நோயால் யாரும் இங்கிருந்து விழமாட்டார்கள், பட்டினியால்தான் விழுவார்கள் என்று அப்போது அவளுக்கு உறைத்தது. தன்மேலேயே கோபம் வந்தது. கீழே இறங்கி, சிக்னல்காரர் பையிலிருந்த ரொட்டியை உரிமையோடு வாங்கித் தின்று, ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்துவிட்டு, உடம்பு நிலைக்கு வந்த பிறகுதான் மேலே போனாள்.

சாப்பிட்டது வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கம்பிக்கட்டைத் தரையில் வைத்த கையோடு அடிவயிறு முறுக்கிக்கொண்டது. கேபிள் என்று அவள் வாய் திறப்பதற்குள் சூப்பர்வைசர் முந்திக்கொண்டார்.

"கேபிளை மெக்கானிக் பாத்துட்டார். ஒரு சத்தமும் இல்லையாம். இன்னிக்கு என்ன சாக்கு?"

கண்ணாடி வழியே பார்த்தாள். கீழே தலைக்கவசங்கள் எல்லாம் மேலே திரும்பியிருந்தன. பொத்தானை அழுத்தினாள்.

"கேபிள் நல்லாத்தான் இருக்கு சார். நான் சொன்னது பொய். எனக்கு வயிறு கலக்குது, கக்கூஸ் போகணும். சுமை தரையில இருக்கு. இறங்குறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார்.

"இதெல்லாம் சேனல்ல பேசற விஷயமா?"

"நீங்க சேனல்லதானே கேட்டீங்க சார்."

பிறகு சிக்னல்காரரின் குரல், எப்போதும் சுமை இறக்கும்போது ஒலிக்கும் அதே நிதானத்தோடு வந்தது. "கொக்கி காலி. வழியில யாரும் இல்ல. மேல்வீட்டக்கா இறங்கலாம்."

மாலையில் கொட்டகைக்கு அழைப்பு வந்தது. சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர், மேலிடத்துக்குப் பயந்தவர். நாற்காலியைக் காட்டிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஸ்டோர் ரூமுக்கு மாறிக்குங்க. டாய்லெட் பக்கத்துலயே இருக்கு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் கையில கோளாறா சார்? கண்ணுல கோளாறா?"

"நீங்க இறங்கி ஏறினா வேலை நின்னு போகுது."

"ஏணிக்கு ஆகறது கொஞ்ச நேரம்தான். சேத்துல நடக்கறதுலதான் மீதி போகுது. ஒரு கக்கூஸை கிரேன் பக்கம் வைங்க."

"ஒரு ஆளுக்காகவா?"

வாசலில் யாரோ இருமினார்கள். சிக்னல்காரர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கம்பி கட்டுகிற இருவர்.

"ஒரு ஆளுக்கில்ல சார்" என்றார் அவர். "கிரேன் பக்கம் வேலை செய்யற எல்லாருமே அடக்கிக்கிட்டுத்தான் கிடக்கறோம். இந்தத் தம்பிக்கு அடக்கி அடக்கியே மூலம் வந்துடுச்சு. எல்லார் முன்னாடியும் சொல்ல வெக்கப்பட்டான். இன்னிக்கு அந்தம்மா சொன்னதுக்கப்புறம் வெக்கம் விட்டுப் போச்சு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று சூப்பர்வைசர் பேச்சை முடித்தார். அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். அவருக்காக அல்ல. தன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று ஊரே ஊகித்தாயிற்று. இனி அவளுக்குத் தெரிய வேண்டும்.

டாக்டரம்மா நிறையக் கேட்டார். மலத்தில் ரத்தம் போகிறதா, உடம்பு இளைக்கிறதா, வலி தூக்கத்தைக் கலைக்கிறதா. பரிசோதனைகளில் பயப்படும்படி ஒன்றும் இல்லை.

"குடல்ல புண்ணும் இல்ல, கட்டியும் இல்ல. ஆனா உங்க வலி நிஜம்தான். தொட்டதுக்கெல்லாம் சிணுங்கற குடல் இது. நிறையப் பேருக்கு இருக்கு, யாரும் வெளிய சொல்றதில்ல."

"கை வைத்தியம் ஏதாவது கேக்குமா டாக்டர்?"

"சிலது கேக்கும். நார்ச்சத்துக்கு இசப்கோல் உமியைக் கொஞ்சமா ஆரம்பிச்சு நிறையத் தண்ணியோட குடிங்க. புதினா எண்ணெய் மாத்திரை சிலருக்கு முறுக்கலைக் குறைக்கும், நெஞ்செரிச்சல் வந்தா நிறுத்திடுங்க. சோம்பு இதமா இருந்தா குடிங்க. கொஞ்ச நாள் பாலை நிறுத்திப் பாருங்க. ஒருத்தருக்குக் கேக்கறது இன்னொருத்தருக்குக் கேக்காது, நீங்கதான் கவனிக்கணும். விளக்கெண்ணெயை மட்டும் இன்னியோட விடுங்க."

"கிரேன் ஓட்டலாமா?"

"பட்டினியா ஓட்டக் கூடாது. சாப்பிட்டுட்டு ஓட்டுங்க."

வீட்டுக்கு வந்தபோது மாமியார் டம்ளரோடு காத்திருந்தார்.

"வேண்டாம் அத்தை."

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கு."

"நீங்க ஆசையாத்தான் குடுக்கறீங்க, எனக்குத் தெரியும். ஆனா இதைக் குடிச்சுட்டு ஏணியில மயங்கி நின்னேன். இனிமே என் வயித்துக்கு நான்தான் மேஸ்திரி."

மாமியார் டம்ளரைச் சமையல் மேடையில் டக்கென்று வைத்துவிட்டுப் போனார். அடுத்த சில நாட்கள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. மறுபடி வேலைக்குக் கிளம்பிய காலையில் அவள் செருப்பை மாட்டும்போது ஃபிளாஸ்க் ஒன்று முன்னால் நீண்டது.

"சோம்புத் தண்ணி. எண்ணெய் கலக்கல. சந்தேகமிருந்தா மோந்து பாத்துக்கோ."

அவள் மோந்து பார்க்கவில்லை. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தளத்தில் கிரேனின் அடியில் போய் நின்றாள், ஏறவில்லை. சூப்பர்வைசர் சேற்றைத் தாண்டி வேகமாக வந்தார்.

"டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டாங்க. கக்கூஸ் வந்ததும் ஏறுறேன் சார்."

அவர் சுற்றிலும் பார்த்தார். கம்பி கட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். "சரிம்மா. ஒண்ணை இங்க வெச்சுக்கலாம். ஆனா அந்தப் பொட்டியை இந்தக் குழியெல்லாம் தாண்டி யாரு தூக்கிட்டு வர்றது?"

"தூக்கறதுதானே சார் என் வேலை. இந்த ஒரு தடவை ஏறிடறேன்."

கழிவுத் தொட்டியைக் காலி செய்து, பெட்டிக்குத் தூக்குப் பட்டை கட்டினார்கள். நீலப் பெட்டி தரையை விட்டு எழும்பி, குழிகளுக்கும் கொட்டகைக்கும் மேலாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு வானத்தில் மிதந்து வந்தது. வேலை செய்த அத்தனை பேரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள்.

"உள்ள யாரும் இல்லையே?" என்று சேனலில் ஒரு குரல் கேட்டது.

"தட்டிப் பாத்துட்டுத்தான் கட்டினேன்" என்றார் சிக்னல்காரர். சூப்பர்வைசர்கூடச் சிரித்துவிட்டார்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணைக் கொக்கியிலிருந்து எடுக்காமல், கதவு கிரேனைப் பார்த்து இருக்கும்படி திருப்பி, பெட்டியைப் பூப்போல இறக்கினாள்.

வயிறு முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சாப்பாடும் தண்ணீரும் நேரத்துக்குப் போனதில் பாதி அடங்கியது. மீதி அவ்வப்போது முறுக்கும். அப்போது சேனலில் சொல்லிவிட்டு இறங்குவாள். அந்தக் கட்டடம் முடிந்து வேறு தளத்துக்கு வேலை கேட்டுப் போனபோது, அங்கிருந்த மேலாளர் உடம்பில் ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்டார்.

"வயிறு சார். அப்பப்ப கலக்கும், இறங்கி ஏறுவேன். டாக்டர் ஓட்டலாம்னு சொல்லியிருக்காங்க. முதல்ல கக்கூஸ் எங்கன்னு காட்டுங்க, அப்புறம் கிரேனைப் பாக்கலாம்."

மேலாளர் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, வழிகாட்டி முன்னே நடந்தார்.