நாமினி: செந்தாழை, உறவு: மகள்

நான் ஆயுள் காப்பீடு எடுத்திருந்த நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் தகவல்கள் மூன்றாம் முறையாகத் திருடுபோனபோது, திருடுபோனவற்றைப் பதினைந்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளும்படி கடிதம் வந்தது. முதல் முறை கடவுச்சொல்லை மாற்றினோம். இரண்டாம் முறை தொலைபேசி எண்ணை மாற்றினோம். இம்முறை போனவை பிறந்த தேதி, ரத்த வகை, தாய், அங்க அடையாளம், நாமினி. இவை வெளியாருக்குத் தெரிந்துவிட்டதால் தொடர்ந்து வைத்திருப்பது பாதுகாப்பாகாது என்று கடிதம் பொறுமையாக விளக்கியிருந்தது.

புதியவற்றை நிறுவனம் தராது. அரசு ஊழியர்கள் ஊர் மாறுவதற்கு மனமொத்த மாறுதல் என்று ஒரு வழி இருக்கிறது. ஒருவர் தமக்கு ஈடான இன்னொருவரைத் தேடிப் பிடித்து, இருவரும் கையெழுத்திட்டு, இடம் மாற்றிக்கொள்வார்கள். எங்களுக்கும் அதே ஏற்பாடுதான். அதற்கான கலந்தாய்வு ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மணமக்கள் உட்காரும் இரண்டு நாற்காலிகளில் நிறுவனத்தின் அலுவலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீழே நாங்கள் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு, “ஓ நெகட்டிவ் யாராச்சும் இருக்கீங்களா?” என்று ஒருவரையொருவர் விசாரித்தபடி இருந்தோம்.

மாவட்ட மைய நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில் நான் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். படிவங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டதில்லை, பொய்யும் எழுதியதில்லை. அங்க அடையாளம் என்ற இடத்தில் மற்றவர்கள் ‘கையில் மச்சம்’ என்று முடித்துக்கொண்டபோது, நான் ‘இடது முழங்கைக்கு இரண்டு அங்குலம் மேலே, எள்ளளவு, கருநிறம், மயிரற்றது’ என்று எழுதியிருந்தேன்.

தவறான தகவல் திருடுபோனால் அதை மாற்ற வேண்டியதில்லை என்பது விதி. ஆகவே பலர் பிழைத்துக்கொண்டார்கள். பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் தம் வசதிக்கு ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். என் வயதொத்தவர்கள் அந்தப் பொய்த் தேதியைக் காட்டிவிட்டு, தங்கள் உண்மையான பிறந்த நாளோடு வீட்டுக்குப் போனார்கள். எனக்கும் ஒரு ஜூன் தேதி இருந்தது. இருபது வருடத்துக்கு முன் மனுப்போட்டு, அலைந்து, நானே அதைத் திருத்தி வைத்திருந்தேன்.

பிறந்த நாளை மூலப்பாளையத்து அம்மாள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அவருடைய சித்திரை ஏழாம் தேதியை வாங்கிக்கொண்டேன். மச்சம் ஒரு பேருந்து நடத்துநருக்குப் போயிற்று. அவருடைய நெற்றித் தழும்பு எனக்கு வந்தது; அதற்குப் பிறகு நூலகத்தில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. தாயை மாற்றுவது எளிதாக இருந்தது, ஏனென்றால் இரண்டு தாயும் உயிரோடு இல்லை. படத்தையும் திதியையும் கைமாற்றிக்கொண்டோம். புது அம்மா இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தார். ரத்தம் முழுதாக மாற மட்டும் ஆறு நாளாயிற்று.

மீதமிருந்தது நாமினி.

அந்தக் கட்டத்தில் முன்பு என் மனைவி சுலோசனா இருந்தாள். அவள் காலமான எட்டாம் நாள் நான் அலுவலகத்துக்குப் போய் அவள் பெயரை எடுத்துவிட்டு, ‘செந்தாழை, உறவு: மகள்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஊரில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. இறந்தவர்கள் பத்து இருபது வருடம் நாமினியாகவே இருப்பார்கள். அப்படி அசட்டையாக விட்டவர்கள் யாரையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

தாழைக்கு அப்போது நான்கு வயது. இப்போது பதினாறு, பிளஸ் ஒன் படிக்கிறாள்.

“எல்லாரும் ஃபார்ம்ல வாய்க்கு வந்ததை எழுதறாங்க. நீங்க மட்டும் எதுக்குப்பா பரீட்சை மாதிரி எழுதறீங்க?” என்று கேட்டாள்.

“கேட்டாங்க, எழுதினேன்.”

“யார் எது கேட்டாலும் குடுத்துருவீங்களா? நாளைக்கு என்னையக் கேட்டா?”

“கேட்டிருக்காங்க” என்று கடிதத்தை நீட்டினேன். அவள் இரண்டு பக்கமும் படித்துவிட்டு, தன் இயற்பியல் புத்தகத்துக்குள் அதை அடையாளத்துக்கு வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஈடாக நிறுவனம் காட்டிய ஆள் கவுந்தப்பாடிச் சென்னியப்பன். கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர். அவருடைய நாமினியும் மகள்தான், வயதும் பதினாறுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரையும் மகள் பிரவீணாவுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“பாப்பா கணக்குல எப்புடிங்க?”

“எண்பத்தெட்டு.”

“எங்க புள்ள அம்பதைத் தாண்டாதுங்க. ஆனா ஜெனரேட்டரை ஒத்தை ஆளா மாட்டிப்போடும். ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போயிரும்” என்றார். பிறகு, “காரம் திங்குமாங்க?” என்று கேட்டார்.

“திங்கும். கத்திரிக்காய்தான் ஆகாது. உடம்பெல்லாம் தடிச்சுக்கும்.”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கத்திரிக்காய் என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். உள்ளங்கை கொள்ளாமல் அது இரண்டு வரியாகப் போயிற்று.

உள்ளறையில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

“உங்கப்பா கொறட்டை விடுவாராக்கா?” என்றாள் தாழை.

“அய்யோ, ஜெனரேட்டரே தோத்துரும். தலகாணியை உருவிட்டா நின்னுரும். ஆமா, உன்னையவிட நான் மூணு மாசம் சின்னவ, அக்காங்கற?”

“எதுக்கும் மரியாதையா இருப்போம்னுதான்.”

இருவரும் சிரித்தார்கள். சென்னியப்பன் காப்பியைத் தொடாமல் குரலைத் தாழ்த்தினார். “சார், நீங்க படிச்சவங்க. எதாச்சும் வழி பாருங்க. ஜோடி இல்லாம மாறுதல் நடக்காதுல்லங்க? நீங்க தப்பிச்சா நானும் தப்பிச்சேன்.”

மறுநாள் நிறுவனத்துக்குப் போனேன். மாறுதல் அலுவலர் அற்புதமேரி என்னை உட்காரச் சொல்லிவிட்டு என் படிவத்தைக் கொண்டுவரச் செய்தார்.

“நாமினி தகவல் தப்புங்களா சார்?”

“சரியானதுதான்.”

“சரியா இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்களே. தப்புன்னு நிரூபிச்சா விட்டுரலாம். பொண்ணு உங்க கூடவே இருந்துக்கலாம்.” படிவத்தின் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். “இவ்வளவு சுத்தமா ஒரு ஃபார்மை நான் பார்த்ததில்லீங்க. புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு உங்களோடதைத்தான் காட்டறோம். சுவத்துல பெருசாக்கூட ஒட்டியிருக்கோம்.”

ஒட்டியிருந்தார்கள். நன்றாகத் தெரிந்தது.

“தப்புன்னு எழுதிக் குடுத்துருங்கப்பா” என்றாள் தாழை அன்று இரவு.

“தப்பு இல்லையே.”

“அதுதான் இப்பப் பிரச்சினையே. நான் உங்க பொண்ணில்லைன்னு ஒரு காகிதம் இருந்தா நான் இங்கயே இருக்கலாம். உங்க பொண்ணுன்னா கவுந்தப்பாடி போகணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?”

நான் மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் முத்திரைத்தாளில் ‘செந்தாழை என் மகள் அல்லள்’ என்று எழுதினேன். ‘அல்ல’ என்றாலே போதும் என்றார் நோட்டரி. பொய்யாவது பிழையில்லாமல் இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. அது உண்மைதானா என்று பார்க்க ஆய்வாளர் ஒருவர் வருவார். தங்கமுத்து என்று ஒருவர் வந்தார். மூன்று நாள், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, எங்கள் முன்னறையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் தகப்பனைப் போலவோ அவள் மகளைப் போலவோ நடந்துகொண்டால் ஒரு கோடு போடுவார். ஐந்து கோடு வரைக்கும் மன்னிக்கப்படும். ஒரே கூரையின் கீழ் இருக்கும் அந்நியர்களுக்கிடையே அவ்வளவு இருக்கலாம் என்று நிறுவனம் கணக்கிட்டிருந்தது.

முதல் நாள் மூன்று கோடு விழுந்தது. மழை வருவதற்கு முன் அவள் செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன். தோசைகளில் முறுகலானதை அவள் தட்டில் போட்டேன். நாலரை மணியிலிருந்து ஐந்து மணி வரை கடிகாரத்தை ஒன்பது முறை பார்த்தேன். அதைப் பெருந்தன்மையாக ஒரே கோடாகப் போட்டார். இரண்டாம் நாள் தாழை பல்லியைப் பார்த்து “ப்பா!” என்று கத்தினாள். ஒன்று. நான் எழுந்து போய்ப் பல்லியை விரட்டினேன். இன்னொன்று.

மூன்றாம் நாளுக்கு மிச்சமெதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் நனைந்து வந்தாள். திருப்பத்தில் சைக்கிள் சறுக்கி முழங்கால் கிழிந்திருந்தது. சீருடையின் ஓரத்திலிருந்து ரத்தம் வாசற்படியில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

“ரத்தம் வருதுங்க” என்றார் தங்கமுத்து என்னிடம்.

“அப்படியா” என்று பக்கத்தைத் திருப்பினேன்.

தாழை குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். “ஹவுஸ் ஓனர் சார், பிளாஸ்திரி எதாச்சும் இருக்குங்களா?”

“கடையில கிடைக்கும்.”

அவள் நொண்டி நொண்டிக் கடைக்குப் போனாள். நான் படித்துக்கொண்டிருந்தது வெளியூர்ப் பதிப்பின் இரங்கல் பக்கம். அதில் இருந்த பதினோரு பேரின் பெயர்களையும் இப்போதும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். தங்கமுத்து நோட்டை மூடினார். “நல்லாப் பண்ணுனீங்க சார். நிறையப் பேரு மூணாவது நாள் அழுதுருவாங்க” என்றார். ஆறு மணி ஆனதும் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பினார்.

தெருமுனையில் அவர் ஸ்கூட்டர் திரும்பியதைப் பார்த்துவிட்டு, பஞ்சும் டெட்டாலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தாழை காலை மடக்கிக்கொண்டாள்.

“இருக்கட்டுங்க சார். நானே போட்டுக்கறேன்.”

அவர் போய்விட்டார் என்று சொன்னேன். தெரியும் என்றாள்.

அடுத்த வாரம் சான்றிதழ் வந்தது. தகவல் தவறானது, ஆகவே மாறுதல் தேவையில்லை. நிறுவனம் தன் பதிவிலிருந்து அந்த வரியை நீக்கியிருந்தது. குடும்ப அட்டை, பள்ளி, என் பணிப்பதிவேடு என்று அவள் மகளாக இருந்த எல்லா இடங்களுக்கும் நகல் அனுப்பியிருந்தது. எல்லாரும் அன்றே நீக்கிவிட்டார்கள். எந்த அலுவலகமும் எதையும் இவ்வளவு விரைவாகச் செய்து நான் பார்த்ததில்லை. சென்னியப்பன் தப்பவில்லை; அவருக்குப் பவானியில் வேறு ஜோடியை நிறுவனம் காட்டிவிட்டது. பிரவீணா போகும்போது ஜெனரேட்டரின் ஸ்பானர் செட்டைக் கொண்டுபோனாளாம்.

தாழை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள், குளியலறைக் கதவைத் தட்டிக் காத்திருந்தாள். அவளிடம் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அது எந்த உரிமையில் என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது. பெரும்பாலும் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

இருபது நாள் கழித்து ஒரு காலையில் ஜெயசீலன் என்பவர் அம்பத்தூரிலிருந்து வந்தார். திருடுபோன பட்டியலை வாங்கியவர்களில் ஒருவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டை, தணிந்த குரல். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“செந்தாழை, உறவு: மகள்னு எழுதின காகிதம் இப்போ என்கிட்ட மட்டும்தான் சார் இருக்கு. எல்லா ஆபீஸ்லயும் விசாரிச்சுட்டேன். வேற எங்கயும் இல்லை.”

“ஆமாம்.”

“அப்போ அவங்க என் மகள்தானே?”

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பெயரும் உறவும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் இருந்தன. உலகத்தில் அந்த வரி சரியாக இருக்கும் கடைசி இடம் அதுதான்.

“உங்க மகள்னா சொல்லிடுங்க சார், நான் கிளம்பிடறேன். அடுத்தவங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போற ஆளில்லை நான்” என்றார்.

அவர் சொன்னது உண்மை என்பது முகத்தில் தெரிந்தது. ஆம் என்று சொன்னால் தகவல் சரியானதாகிவிடும். சரியான தகவல் திருடுபோயிருக்கிறது. பதினைந்து நாள் கெடு முடிந்துவிட்டதால் ஜோடியை இனி நிறுவனமே குலுக்கிப் போட்டு எடுக்கும். மாறுதலில் போனால் அவள் யாருக்கோ மகளாகப் போவாள். எனக்கு மகளாக யாரோ வருவாள். இவரிடம் போனால் அவள் எழுதப்பட்டபடியே இருப்பாள்.

தாழை கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலில் காயம் ஆறி, தோல் இளஞ்சிவப்பாக இருந்தது.

“இல்லை” என்றேன்.

அவள் துணிகளை எடுத்துவைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவளுக்கு என்னென்ன பிடிக்கும் என்று ஜெயசீலன் கேட்டார். ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு, எதையும் காலியாக விடாமல் நிரப்பிக் கொடுத்தேன். எழுத்து அழகாக இருப்பதாகச் சொல்லி, அதை நான்காக மடித்து வைத்துக்கொண்டார்.

வாசலில் வேன் நின்றது. உள்ளே அவர் அன்று சேகரித்தவர்கள் இருந்தார்கள்: பள்ளிப் பையோடு இரண்டு மகன்கள், ஒரு கணவர், மடியில் எவர்சில்வர் டப்பாவை வைத்துக்கொண்டு ஒரு சித்தி. தாழை மூன்றாம் வரிசையில் சித்தி நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தாள். “போயிட்டு வரேன்” என்றாள். முன்னாலும் பின்னாலும் விளிச்சொல் எதுவும் இல்லை.

வேனின் மேல் கேரியரில், யாரோ தம் படிவத்தில் எழுதியிருந்த சொந்த ஊரைத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். வண்டியின் நீளத்துக்கு அது கொள்ளவில்லை. கோயில் கோபுரம் பின்பக்கம் நான்கடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வருபவர்களுக்குத் தெரிவதற்காக அதன் கலசத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டப்பட்டிருந்தது. முடிச்சு தளர்ந்திருந்தது. வேன் கிளம்புவதற்குள் அதை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டேன்.