நான்காம் புட்டியின் காலிக் கட்டம்

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. யாங்கூனில் நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பி விற்கும் ஒருவரிடம், மழைக்கு முன் வீடு சேர வேண்டும் என்ற அவசரத்தில், கப்பல் எஞ்சின்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை வாங்கினேன். கப்பலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. யாரும் வாங்காத புத்தகத்தை வாங்குவது என் கெட்ட பழக்கம். அதன் நடுவில், நான்காக மடித்த தாள் இருந்தது.

அச்சிட்ட படிவம். ஆறு ஒயின் புட்டிகளுக்கு ஆறு வரிசை. இரண்டு பத்தி, ஒன்றுக்கு மூக்கு என்று தலைப்பு, மற்றதற்கு வாய். தலைப்புகள் பர்மியத்தில், கையெழுத்து தமிழில். வாய்ப் பத்தி முழுக்க நிரம்பியிருந்தது. மூக்குப் பத்தியில் ஐந்து வரிசைகளில் ஏதோ எழுதி, பிறகு ஒவ்வொன்றையும் கோடு போட்டு அடித்திருந்தது. நான்காம் வரிசையில் பேனா படவே இல்லை. ஓரத்தில் கிளாஸ் வைத்த வட்டக் கறை. இரண்டு பத்தியும் ஒரே கையெழுத்து.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் செய்தது. செய்ததில் எது எங்கே ஒட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிக்கொண்டு போகிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

“ஒயினை ருசி பார்ப்பது என்பது, மனிதன் தன் நினைவையே—” [அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கட்டுரையை நானே பாதியில் மூடிவிடுவேன்.]

“நான் மது அருந்துபவன் அல்ல, ஆகவே—” [பொய்.]

“ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, யாங்கூனின் பசுந்தாங் பேட்டையில் மூன்றாம் மாடி அறையின் ஜன்னலை முரளிதரன் திறந்தார். சாக்கு வாசனை உள்ளே வந்தது.” இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

முரளிதரனுக்கு ஐம்பத்தெட்டு வயது. தனிக்கட்டை. ஹோட்டல்களுக்கு ஒயின் இறக்கித் தரும் பிரேம்நாத்தின் கம்பெனியில் அவர் ருசி பார்ப்பவர். பெரிய பெயருள்ள ஊர்களின் ஒயினை யாரும் ருசி பார்த்து வாங்குவதில்லை, லேபிளே போதும். முரளியின் மேஜைக்கு வருபவை வேறு. ஹொக்கைடோ, டாஸ்மானியா, மால்டோவா, நம்முடைய ஷான் மலை என்று, வெயில் கஞ்சத்தனமாக விழும் இடங்களில் தாமதமாகப் பழுக்கும் திராட்சை. மெலிந்து, புளித்து, கூச்சத்தோடு இருக்கும் ஒயின். ஷான் மலையைத் தாண்டிக் குளிரான இடம் எதையும் முரளி பார்த்ததில்லை. பார்க்காத குளிரை, வேர்த்துக்கொண்டே, காலை ஏழு மணிக்கு மின்சாரம் இருக்கும்போதே தீர்ப்பு சொல்லிவிட வேண்டும். பத்தரைக்கு மீ போய்விடும்.*

* பர்மியத்தில் மீ என்றால் நெருப்பு, மின்சாரமும். இங்குள்ள தமிழர் யாரும் கரண்ட் போனது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

3

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம் வந்து, நாலு நாள் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூக்குப் பத்தி நாஜியாவுடையது. அத்தர்க் கடைக் குடும்பம். கணவர் இறந்தபின் ஒரே மகனைப் படிக்க வைத்தவர். மது வாயில் படக் கூடாது, புட்டியைத் தொடவும் மாட்டார். அவருடைய வேலை மோந்து பார்ப்பது மட்டும். முரளி கிளாஸைச் சுழற்றி, மேஜைக்குக் குறுக்கே கை நீட்டி, அவர் மூக்கருகே பிடிப்பார். நாஜியா கண்ணை மூடி ஒரே ஒரு மூச்சு இழுத்து, ஒரு வரி சொல்வார். முரளி எழுதிக்கொள்வார். பிறகு தான் ஒரு வாய் எடுத்து, உருட்டி, படிக்கத்தில் துப்பி, தன் வரியை எழுதுவார். பதினோரு வருஷம் இப்படி.

இப்படி ஒரு பெண் இருப்பாரா? மதுவுக்குப் பக்கத்தில் உட்காருவதே சரியில்லை என்று அவருடைய கொழுந்தனார் சொல்லியிருப்பார். நாஜியா என்ன பதில் சொன்னார் என்று யோசித்தேன். “அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், உங்ககிட்ட இல்ல” என்று சொல்லியிருப்பார் எனத் தோன்றியதும், இருப்பார் என்று நம்பிவிட்டேன். அதோடு, இரண்டு பத்தியும் ஒரே கையெழுத்தாக இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர்கள் ஒருவரையொருவர் கோ முரளி, மா நாஜியா என்று பர்மிய மரியாதையில்தான் அழைத்தார்கள். தமிழில் அழைத்திருந்தால் அண்ணன், தங்கை என்று எங்காவது போய் நின்றிருக்கும். இருவரும் அதை ஒருநாளும் பேசியதில்லை. பேசாமலேயே தவிர்த்தார்கள்.

எட்டு மாதம் முன்பு நாஜியா மகனோடு கோலாலம்பூர் போய்விட்டார். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று, இளைஞர்கள் இருக்கும் வீடு ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்த காலம்; ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

4

அவர் போனபின் இதுதான் முதல் சுற்று. முந்தின நாள் பிரேம்நாத் வந்து, நாஜியாவின் நாற்காலியில் உட்கார்ந்து, விஷயத்தைப் பணிவாகவே சொல்லிவிட்டுப் போனான். அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. முரளி வாசிக்க, பர்மியத்தில் தட்டிக்கொள்வான். ரெண்டு பத்தியையும் அங்கிளே நிரப்பிடலாமே என்றான். நல்லா வந்தா, அடுத்த படிவத்துல ஒரே பத்தியா அடிச்சுடலாம். வராதுன்னா பரவாயில்ல, லேபிள் பாத்து வாங்கிக்கலாம், மேஜையை எடுத்துடலாம்.

“எப்பவும் நீங்கதானே அங்கிள் எழுதுறீங்க.”

எழுதுவதும் சொல்வதும் வேறு வேறு என்று முரளிக்குத் தோன்றியது. நிரப்பினால் நாஜியாவின் பத்தி போய்விடும். நிரப்பாவிட்டால் மேஜையே போய்விடும்.

செவ்வாய்க்கிழமை அவர் நிரப்பினார்.

பேப்பர் சுற்றி மறைத்த ஆறு புட்டிகள். எது எந்த ஊர் என்று தெரியாது. முதல் கிளாஸைச் சுழற்றியதும் அவர் கை, பழக்கத்தில், மேஜைக்குக் குறுக்கே நீண்டது. எதிரே நாற்காலி. கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. [இந்த இடத்தில் அவருடைய மனநிலையை ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். கை நின்றது, போதும்.]

பிறகு தானே மோந்தார். எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய நகம், என்று எழுதினார். நாஜியா சொல்வதுபோலவே வந்தது. இரண்டாவது: முகத்துக்குப் பூசும் தனகா உரைத்துக் கழுவிய கல். மூன்றாவது: இஸ்திரி ஆறாத பருத்திச் சட்டை. பதினோரு வருஷம் கேட்ட குரல், கேட்காமலே சொல்லிக்கொடுத்தது. எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் அவரைப் பயப்படுத்தியது.

[எனக்கும். நாஜியாவின் இந்த வரிகளை நானும் அவ்வளவு சுலபமாகத்தான் எழுதினேன்.]

5

நான்காம் புட்டியில் சாக்கு வாசனை வந்தது.

தக்கையில் பூஞ்சை ஏறினால் ஒயினில் நனைந்த சாக்கின் வாசனை பிடிக்கும். அப்படியானால் புட்டி கெட்டது. மாதிரிக்கு வந்திருப்பது ஒரே ஒரு புட்டிதான், அந்தத் தோட்டத்தையே தள்ளிவிட வேண்டியதுதான். ஆனால் பசுந்தாங்கில் மழைக்காலத்தில் எதில்தான் நனைந்த சாக்கு மணக்காது? சந்துக்கு எதிரே பயறு கிட்டங்கி. காற்று முழுக்கச் சாக்கு. அறையின் ஈரமா, புட்டியின் ஈரமா?

இதற்கு நாஜியாவிடம் ஒரு வழி இருந்தது. மூன்று மாடி இறங்கி, சந்தைக் கடந்து, கிட்டங்கியில் ஈரச் சாக்கில் முகம் வைத்து நன்றாக மோந்துவிட்டு ஏறி வருவார். சாக்கால் நிரம்பிய மூக்குக்கு அறையின் சாக்கு தெரியாது. கிளாஸில் அப்போதும் தெரிந்தால், அது புட்டியுடையது.

முரளி இறங்கினார். கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை ஜமால் அவரைப் பார்த்ததும் தானே ஒரு சாக்கை எடுத்து நீட்டினார், “மோந்து பாக்குற அம்மா வரலியா?” என்று கேட்டுக்கொண்டே. இப்போது வருவதில்லை என்று சொல்லிவிட்டு, முரளி மோந்தார். படி ஏறும்போது ஜமாலின் கேள்விதான் கூடவே ஏறியது. நாற்காலியைப் பார்த்துக்கொண்டே கிளாஸை மூக்கில் வைத்தார். மூச்சு இழுத்து முடித்த பிறகுதான், கவனிக்கவில்லை என்று தெரிந்தது.

மறுபடி இறங்கினார். மறுபடி ஏறினார். இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

மூன்றாம் தரம் போனபோது ஜமால் சாக்கை எடுக்கவில்லை. “அதே சாக்குதான் ஸார். காலைலேர்ந்து மாத்தல” என்றார்.

மேலே வந்தபோது கிளாஸில் எந்த வாசனையும் இல்லை. மற்ற கிளாஸ்களிலும் இல்லை. ஐந்தாவதையும் ஆறாவதையும் மூக்கில் வைத்தார், வெறும் தண்ணீர் மாதிரி. ஆனாலும் அவற்றுக்கு நேரே ஒவ்வொரு வரி எழுதினார். நன்றாகவே இருந்தன. அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தார்.

6

எட்டு மாதத்தில் அவர் நாஜியாவை அழைத்ததில்லை. வாசனையைப் போனில் அனுப்ப முடியாது. வேறு என்ன பேசுவது?

இப்போது அழைத்தார். எடுத்ததும் நாஜியாவின் குரல், “கோ முரளி?” என்றது. பிறகு இரண்டு பக்கமும் பேச்சில்லை. அந்த மௌனத்தை இங்கே ஒரு வெற்று வரியாக விடுகிறேன்.



“மழையா அங்க?” என்றார் நாஜியா.

“ஆமா. நாலாவது புட்டில சாக்கு.”

“கீழ போனீங்களா?”

“மூணு தரம்.”

“அல்லா. மூணு தரமா?” சிரித்துவிட்டார். “ஒரே தரந்தான் கோ முரளி. அதுக்கப்புறம் மூக்கு நம்ம சொல்றதத்தான் சொல்லும். மொதத் தரம் என்ன தெரிஞ்சுது?”

“நீங்க இல்லன்னு தெரிஞ்சுது.”

[இப்படி ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். அழகாக இருந்தது. ஆனால் முரளி அப்படிச் சொல்லும் ஆள் அல்ல. அவர் சொன்னது இதுதான்:]

“கவனிக்கல.”

“கவனிக்கலன்னா எழுதாதீங்க.”

“மத்த அஞ்சும் எழுதிட்டேன். உங்க மாதிரி.”

அவர் வாசிக்கச் சொன்னார். முரளி ஐந்தையும் வாசித்தார். நகம், கல், சட்டை, மற்ற இரண்டும். வாசிக்க வாசிக்க, பாராட்டுக்குக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து வெட்கமாக இருந்தது.

“எல்லாம் நான் சொன்னதுதான்,” என்றார் நாஜியா. “வேற புட்டிக்குச் சொன்னது. அந்தப் புட்டியெல்லாம் தீந்து போச்சு.”

கொஞ்சம் கழித்து, அங்கே ஒரு மருந்துக் கடையில் உட்கார்ந்திருப்பதாகவும், நாள் முழுக்க ஒரே மாதிரிக் குளிர்காற்று வருவதாகவும், மூக்குக்கு வேலையே இல்லை என்றும் சொன்னார். புகார் மாதிரிச் சொல்லவில்லை. பிறகு, “அந்த நாற்காலி இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு.”

மீ போயிற்று. மின்விசிறி மெதுவாக நின்றது. கட்டிடத்தின் நெட் போய், அவர் குரலும் போயிற்று.

முரளி ஸ்கேல் எடுத்து, ஐந்து வரிகளையும் நேராகக் கோடு போட்டு அடித்தார்.

7

தாளில் இருப்பது இத்தோடு முடிகிறது. பதினொன்றுக்கு பிரேம்நாத் படியேறி வருவான். அதற்குப் பின் நடந்ததற்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

ஒன்றில், பிரேம்நாத் தாளைப் பார்த்துவிட்டு, மேஜையின் இரு காலை அவனும், இரு காலை முரளியும் பிடித்துத் தூக்குகிறார்கள். இரண்டாவதில், அவன் நாஜியாவின் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, “பிடிங்க அங்கிள்” என்கிறான். இது எனக்குப் பிடித்திருந்தது, பிடித்திருந்ததாலேயே நம்பவில்லை. மூன்றாவதில், பேப்பரைக் கிழித்து நான்காம் புட்டியின் ஊரைப் பார்க்கிறார்கள். அந்த ஊர்ப் பெயரை மூன்று முறை மாற்றினேன். எந்தப் பெயரை எழுதினாலும், நான் போகாத ஒரு ஊரின் குளிரில், எனக்குத் தெரியாத ஒருவரின் தோட்டத்தைத் தள்ளிவிட்டதாகவோ தூக்கிவிட்டதாகவோ ஆயிற்று. பேப்பரைத் திரும்பச் சுற்றிவிட்டேன்.

பிரேம்நாத் இன்னும் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறான். செருப்புச் சத்தம் கேட்கிறது. முரளி ஜன்னலோரம் நிற்கிறார். தாள் மேஜைமேல் இருக்கிறது. நான்காம் கிளாஸில் புதிதாக ஒரு மடக்கு ஊற்றியிருக்கிறார். தனக்கு இல்லை. அவர் மூக்கு இன்றைக்கு முடிந்துவிட்டது. என்னுடையதும்தான்; இந்தக் கதையை மூன்றுக்கும் மேற்பட்ட தரம் மோந்துவிட்டேன், இனி நான் நினைப்பதைத்தான் அது சொல்லும்.

நீங்கள் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருவதற்கு முன் கீழே போய், சந்தைக் கடந்து, ஜமாலிடம் கேளுங்கள், சாக்கைத் தருவார். மூக்கு நிரம்ப மோந்துவிட்டு ஏறி வாருங்கள். படியில் பிரேம்நாத்துக்கு வழி விட வேண்டாம். வந்ததும் முரளி கிளாஸைப் பிடிப்பார். நீங்கள் தொட வேண்டியதில்லை. நாஜியா சொன்னதுபோல எதுவும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், எழுத அவர் இருக்கிறார்.

நான்காம் புட்டி. மூக்கு: [                              ]

ஒரே தரம்தான். கவனமாக.